முதுமைக்குச் சேமிப்பது தவக்குலுக்கு மாறானதா?

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "ஊரில் வாப்பாவும் உம்மாவும் முதியவர்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். இதற்கிடையே எங்கள் முதுமைக்கென்று ஒதுக்குவது அல்லாஹ்வின் மீது நம்பிக்கைக் குறைவாகாதா?"

ஆகாது. பனூ நளீர் நிலங்களின் வருவாயிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுச் செலவை ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. தவக்குலில் நபியவர்களை மிஞ்சியவர் யார்?

எதைக் குறைத்துச் சேமிக்கிறோம் என்பதே கேள்வி. வறிய பெற்றோருக்கு உணவும் உடையும் மருந்தும் தருவது வசதியுள்ள மகன் மீது கடமை, அது தருமமன்று. சிறு பிள்ளைகளின் பராமரிப்பும் அவ்வாறே. ஆனால் மகளின் நிக்காஹுக்கு ஊரையே கூட்டி பிரியாணி போடுவதை மார்க்கம் யார் மீதும் கடமையாக்கவில்லை. உம்மாவின் மருந்துச் சீட்டு அலமாரியில் கிடக்க, கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவோரையும் பார்க்கிறோம்! முதுமைக்கான பணத்தை அந்த ஆடம்பரத்திலிருந்து மீட்க வேண்டும். பெற்றோரின் பங்கில் கை வைக்கலாகாது.

சேமிப்பு நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் உண்டு. அதைப் பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ கொடுத்துக் கணக்கை நேர்செய்ய முடியாது. அவர்கள் செலவு ஏற்கெனவே நம் பொறுப்பு. நகையாகச் சேர்த்தால் ஹனஃபீ மத்ஹபில் ஜகாத் உண்டு. பெண்கள் அணியும் அளவான நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை; சேமிப்புக்கென்றே வாங்கிப் பூட்டி வைத்த தங்கத்துக்கு அங்கும் உண்டு.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காகப் பெற்றோர் செலவு முழுவதையும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமன்று. வசதியுள்ள மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி, மாதம் யார் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளட்டும்.