கூச்சப்பட்ட பெண் போட்ட நிபந்தனைகள்



'ஸ்பைடர்மேன்' படத்துல எம்.ஜே.வா வர்ற அக்காவைத் தெரியுமான்னு கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவீர்கள். அவர் பெயர் ஜென்டேயா. ஜிம்பாப்வே நாட்டு ஷோனா மொழியில் நன்றி சொல்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்பைடர்மேன் கதை இல்லை.

1996 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லாண்ட் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேருமே ஆசிரியர்கள். டீச்சர் பிள்ளைன்னா வாயாடியாத்தான் இருக்கும்னு சொல்வாங்க இல்லையா? இவரோ பேசவே கூச்சப்படுவாராம். அதனால் கிண்டர்கார்டன் வகுப்பையே இரண்டாம் முறை படிக்க வைத்தார்கள்! அட்டென்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சத்தமாகச் சொல்லவே திணறும் எனக்கு, இதைப் படித்த பிறகுதான் இவர்மேல் ஆர்வமே வந்தது.

அவருடைய அம்மா ஒரு ஷேக்ஸ்பியர் நாடக அரங்கிலும் வேலை பார்த்தார். கூடவே போன சிறுமி, வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுவாள், டிக்கெட் விற்பாள். நாடகம் பார்த்துப் பார்த்தே நடிப்பு ஆசை வந்துவிட்டது.

2010-ல் டிஸ்னி சேனலில் 'ஷேக் இட் அப்' தொடர் தொடங்கியபோது இவருக்கு வயது 14. "அப்போ படிப்பு?" என்று ஆசிரியர்கள் கேட்பது காதில் விழுகிறது. கலிபோர்னியாவில் அதற்குச் சட்டமே இருக்கிறது. பள்ளி நாட்களில் படப்பிடிப்பு இடத்திலேயே ஆசிரியர் வைத்துத் தினமும் 3 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். சம்பளத்தில் 15 சதவீதத்தைக் குழந்தையின் பேரில் தனிக் கணக்கில் போட வேண்டும். 1921-ல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த பையன் ஜாக்கி கூகன். அவன் சம்பாதித்ததை எல்லாம் வீட்டுப் பெரியவர்களே செலவழித்துவிட்டார்கள். அவர் வளர்ந்து வழக்குப் போட்ட பிறகு, 1939-ல் வந்த சட்டம் இது.

சரி, நிபந்தனைக்கு வருவோம். டிஸ்னி அடுத்த தொடருக்கு அழைத்தபோது இவருக்குப் பதினாறு வயதுதான். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷத்தில் தலையாட்டியிருப்போம். இவர் கேட்டது என்ன தெரியுமா? நான் தயாரிப்பாளராகவும் இருக்க வேண்டும். கதையில் வருவது ஒரு கருப்பினக் குடும்பமாக இருக்க வேண்டும். என் பாத்திரத்துக்குப் பாட்டும் ஆட்டமும் வரக் கூடாது, மூளையும் தற்காப்புக் கலையும் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும். கதாநாயகிக்கு வைத்திருந்த கேட்டி என்ற பேரும் தனக்குப் பொருந்தாது என்று மாற்றச் சொன்னார். அத்தனையும் நடந்தது! 2015 முதல் 2018 வரை வந்த 'கே.சி. அண்டர்கவர்' தொடர் அதுதான். எனக்குப் புத்தகக் கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட நாக்கு எழும்பாது.

2017-ல் 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்'. அதே ஆண்டு 'தி கிரேட்டஸ்ட் ஷோமேன்' படத்துக்காக ஊஞ்சல் வித்தை பழகினார். 2021-ல் வந்த 'டியூன்' படத்தில் சில நிமிடங்களே வருவார், 2024-ல் வந்த இரண்டாம் பாகத்தில் முக்கிய வேடம். நடுவில் 'யூபோரியா' தொடருக்காக 2020-ல் எம்மி விருது. நாடகத் தொடர்களுக்கான சிறந்த நடிகை விருதை அதுவரை 24 வயதில் யாரும் வாங்கியதில்லை. 2022-லும் அவருக்கே கிடைத்தது. (அந்தத் தொடர் பெரியவர்களுக்கானது. நானும் பார்க்கவில்லை, வீட்டில் விடவும் மாட்டார்கள்!)

2024-ல் டென்னிஸ் கதையான 'சேலஞ்சர்ஸ்' வந்தது. அதிலும் இவர் கதாநாயகி மட்டும் இல்லை, தயாரிப்பாளர்களில் ஒருவர்.