கறுப்பும் வெளிச்சம்தான்

கேள்வி: ஒரகடம் ஆலைத் தொழிலாளர்கள் நாங்கள் நாடகம் போடுகிறோம். மேடை இருண்ட பிறகும் திரையில் புரொஜெக்டரின் சாம்பல் நிறக் கட்டம் தெரிகிறதே, என்ன செய்யலாம்?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எல்.சி.டி. பலகை அதை முழுதாக அடைப்பதில்லை. விளக்கையே அணைத்தால் சூடு தணிந்து மீண்டும் எரியச் சில நிமிடங்கள் போய்விடும்.

லென்ஸுக்கு முன்னால் ஒரு மூடி வையுங்கள். கூத்தில் வேடக்காரர் வருமுன் இருவர் திரை பிடிப்பார்களே, அதே வேலைதான். கறுப்பு மேட் பூச்சுள்ள மெல்லிய தகடும் சிறு சர்வோ மோட்டாரும் போதும். உங்கள் கைகளுக்கு இது எளிது. தகடு லென்ஸைத் தொடக்கூடாது. மோட்டாரைத் தனிக் கம்பியில் பொருத்துங்கள், இல்லையேல் படம் அதிரும்.

புரொஜெக்டரை உயரத்தில் தொங்கவிட்டால் கிளாம்ப் மட்டும் போதாது. இரும்பு வடம் ஒன்றும் கட்டுங்கள். கீழே நடிப்பவர்கள் உங்கள் தோழர்கள்.