ஒரு வழங்கி, பல கணினிகள்: பங்கீட்டு நெறி

ஒரே வழங்கிக் கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே செய்து காட்டியது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் இயந்திரம் தனக்கே உரியதெனக் கொண்டு இயங்கும். செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகிய மூன்றையும் அவற்றிற்குப் பங்கிடும் நெறி ஒன்றன்று, மூன்று என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

செயலி காலத்தால் பங்கிடப்படுவது. கேட்போர் மிகுந்தால் முறை வரத் தாமதமாகுமேயன்றித் தரவு அழியாது.

நினைவகம் இடத்தால் பங்கிடப்படுவது. 64 ஜி.பி. உள்ள வழங்கியில் பத்துக் கணினிகளுக்கு 8 ஜி.பி. வீதம் அளித்தால், வாக்களித்தது 80 ஆகும். அனைத்தும் ஒருசேரக் கேட்கும் நாளில் சிலவற்றிடமிருந்து திரும்பப் பெறவேண்டும். எப்பகுதி தேவையற்றது என்பதை உள்ளிருக்கும் இயக்க அமைப்பே நன்கறியும். ஆதலின் அதனுள் 'பலூன்' எனும் சிறு நிரலை வைப்பர். அது ஊதிப் பெருத்து இடம் கேட்க, இயக்க அமைப்பு தனக்கு வேண்டாததை முதலில் விட்டுக்கொடுக்கும். வி.எம்.வேர் நிறுவனத்தின் வால்ட்ஸ்பர்கர் 2002இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விளக்குகின்றது.

சேமிப்பகத்திலோ எழுதியது நிலைத்து நிற்பது. திரும்பப் பெறுதல் எளிதன்று. இருப்பதினும் மிகுதியாக வாக்களித்து, எழுத எழுத இடம் தரும் முறையும் உண்டு. மெய்யான வட்டு நிரம்பிவிட்டாலோ, அதில் எழுத முயலும் கணினிகள் யாவும் தடைப்படும். நூலகப் பட்டியல் பெருகியதால் தேர்வு மதிப்பெண் பதிவும் நின்றுபோதல் கூடும்.

எனவே, செயலியில் தாராளமும், நினைவகத்தில் அளவும், சேமிப்பகத்தில் இடையறாக் கண்காணிப்பும் வேண்டும் என்பது நம் துணிபு. கொடுப்பதற்கு முன்னரே, கொடுத்ததை மீட்க வழியுண்டா என வினவுதல் பங்கிடுவோர் கடனாகும்.