நீங்கள் கேட்கும் பாட்டு நண்பர்களுக்கும் தெரியட்டும்

லெட்டர் டைப் செய்ய வாங்கினோம், பிள்ளைகள் படிப்புக்கு வாங்கினோம் என்று சொன்னாலும், புதிய கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரை மாட்டியவுடன் ஓடுவது பாட்டுதான். பாட்டு ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை வந்துவிடும். "நான் இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கேன் தெரியுமா?" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். டீக்கடை ரேடியோ அலறிய காலத்தில் தெரு முழுவதும் ஒரே பாட்டைக் கேட்டது. இப்போது எல்லார் காதிலும் ஹெட்போன். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கூட நாம் கேட்பது தெரியாது.

நாம் கேட்கும் பாட்டின் பெயரைக் கம்ப்யூட்டரே குறித்து வைத்து, நண்பர்களுக்கும் காட்டும் வசதியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இது பாட்டு பைலை அனுப்புவது அல்ல. 128 கேபிபிஎஸ் அளவில் பதிவான 5 நிமிடப் பாட்டு சுமார் 4.8 எம்பி இருக்கும். இங்கே இன்டர்நெட்டில் போவது பாட்டின் பெயர், கலைஞர் பெயர், ஆல்பம், கேட்ட நேரம் ஆகியவை மட்டும். சில நூறு பைட்டுகளில் முடிந்துவிடும். பைலைக் காப்பி செய்து அனுப்பினால் வரும் காப்புரிமைச் சிக்கலும் இதில் இல்லை.

இந்த யோசனைக்கு வயது இருபதுக்கு மேல். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் 2002இல் ஆடியோஸ்க்ராப்ளர் என்ற திட்டத்தைத் தொடங்கினார். கேட்ட பாட்டைப் பதிவு செய்வதை 'ஸ்க்ராபிள்' என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். பிறகு இது லாஸ்ட் எஃப்எம் தளத்துடன் சேர்ந்தது. அந்தத் தளத்தை 2007இல் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் 28 கோடி டாலருக்கு வாங்கியது. எம்எஸ்என் மெசஞ்சர் பயன்படுத்தியவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். நம் பெயருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் பெயர் தெரியும். 2013இல் மெசஞ்சரை மூடியபோது அதுவும் போனது. லாஸ்ட் எஃப்எம் இன்றும் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். ஆனால் கணக்குத் தொடங்குவதற்கு முன் உங்கள் பாட்டு போல்டரைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. ஓடுவது இளையராஜாவா, ரஹ்மானா என்று கேட்டுக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. எம்பி3 பைலுக்குள் எழுதி வைத்திருக்கும் விவரத்தைப் படித்து அப்படியே அனுப்புகிறது. இந்த விவரத்துக்கு டேக் என்று பெயர். ஒரு பாட்டின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபைப் பாருங்கள். பாட்டை எங்கிருந்தோ டவுன்லோட் செய்திருந்தால், கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயர் இருக்கும். இதைத் திருத்தாமல் ஸ்க்ராபிள் செய்தால், ஆண்டு முடிவில் நீங்கள் அதிகம் கேட்ட பாடகர் அந்த வெப்சைட்தான் என்று பட்டியல் சொல்லும்!

டேக் முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்தால் தமிழ்ப் பாட்டுகளின் குழப்பம் புரியும். 1996இல் வந்த ஐடி3 முதல் வடிவத்தில் பைலின் கடைசி 128 பைட்டுகள் மட்டுமே டேக். அதில் பாட்டுப் பெயருக்கு 30 பைட், கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30. அதுவும் ஆங்கிலம் போன்ற எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோட் தமிழில் (யூடிஎஃப்-8 முறையில்) 'இளையராஜா' என்று எழுதவே 24 பைட் வேண்டும். 'எம்.எஸ்.விஸ்வநாதன்' 50 பைட்; உள்ளே நுழையவே நுழையாது. பின்னால் வந்த ஐடி3 இரண்டாம் வடிவம், டேகை பைலின் முன்பக்கத்துக்குக் கொண்டு வந்து இந்த அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது; யூனிகோடும் வந்தது. ஆனால் அதற்குள் நம்மவர்கள் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில், அவரவர் இஷ்டப்படி எழுதிப் பழகிவிட்டார்கள். வேறு சிலர் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்தார்கள். அவை இன்று வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன.

இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! 'ராஜா'வில் ஒரு 'ஏ', இரண்டு 'ஏ', 'இளைய' என்பதில் 'ஐ' உண்டு, இல்லை என்று போகிறது. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள். ரஹ்மானின் இனிஷியலில் புள்ளி வைத்தால் ஒருவர், வைக்காவிட்டால் இன்னொருவர். தமிழ் எழுத்தில் எழுதினால் வேறொருவர். சில பிரபலமான தவறுகளைத் தளமே திருத்திக்கொள்ளும், எல்லாவற்றையும் அல்ல. டூயட் பாட்டில் இன்னும் வேடிக்கை. எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி என்று கமா போட்டு எழுதியிருந்தால், அந்த இரண்டு பெயரும் சேர்ந்த ஒரே கலைஞராகப் பதிவாகிவிடும்.

இதைச் சரிசெய்ய எம்பி3டேக் என்ற புரோகிராம் போதும். விண்டோஸில் இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். திருத்துவதற்கு முன் பாட்டு போல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போல்டரை மவுஸால் இழுத்து எம்பி3டேக் விண்டோவில் போடவும். பாட்டுகள் வரிசையாக வரும். இடதுபக்கம் டைட்டில், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், இயர் என்று கட்டங்கள் தெரியும். ஒரே படத்தின் பாட்டுகளை எல்லாம் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி தேர்ந்தெடுங்கள். ஆல்பம் கட்டத்தில் படத்தின் பெயரை ஒரு முறை டைப் செய்து கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் அத்தனை பைலிலும் மாறிவிடும். மற்ற கட்டங்களில் 'கீப்' என்று இருந்தால் அதைத் தொட வேண்டாம். இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம்.

ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் யார் பெயர் என்பதுதான் பெரிய கேள்வி. மேல்நாட்டு முறைப்படி அது பாடியவர். நாமோ திரைப்பாட்டை இசையமைப்பாளர் பெயரால் நினைவு வைத்திருப்பவர்கள். கம்போஸர் என்று தனிக் கட்டம் இருக்கிறதே என்பீர்கள். ஸ்க்ராபிள் செய்யும்போது அந்தக் கட்டம் போவதே இல்லை. அதனால் நான் திரைப்பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளரையும், கமெண்ட் கட்டத்தில் பாடகர்களையும் எழுதுகிறேன். கச்சேரி என்றால் பாடியவர்தான் ஆர்ட்டிஸ்ட். தியாகராஜர் கம்போஸர் கட்டத்துக்குப் போவார். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. என் அப்பாவே அவர்களில் ஒருவர். அவர் பட்டியலில் டி.எம்.சௌந்தரராஜன் முதலிடம், என் பட்டியலில் அதே பாட்டுகளால் எம்.எஸ்.விஸ்வநாதன் முன்னால் நிற்கிறார். எப்படி எழுதினாலும் எல்லா பைலிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மற்ற ரசிகர்களின் பட்டியலோடு பொருந்த வேண்டும் என்றால் ஆங்கில எழுத்தே வசதி. உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் தாராளமாகத் தமிழில் எழுதலாம். இப்போதைய விண்டோஸில் தமிழ் 99 கீபோர்டு சேர்ந்தே வருகிறது.

டேக் முடிந்துவிட்டால் மிச்சம் ஐந்து நிமிட வேலை. லாஸ்ட் எஃப்எம் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கவும். விஎல்சி பிளேயரைத் திறந்து டூல்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் செல்லவும் (கன்ட்ரோல் + பி). ஆடியோ பகுதியில், ஓடிய பாட்டுகளை லாஸ்ட் எஃப்எம்முக்கு அனுப்பும் பெட்டியை டிக் செய்து, யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து சேவ் செய்திடவும். விஎல்சியை மூடித் திறந்தால் போதும். ஓர் எச்சரிக்கை: இந்தப் பாஸ்வேர்டை விஎல்சி தன் செட்டிங்ஸ் பைலில் அப்படியே எழுதி வைக்கிறது. உங்கள் ஈமெயிலுக்கோ பேங்குக்கோ உள்ள பாஸ்வேர்டை இங்கே பயன்படுத்தவே கூடாது. ஸ்பாட்டிஃபையில் கேட்பவர்களுக்கு விஎல்சி தேவையில்லை. லாஸ்ட் எஃப்எம் செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பகுதியில் இணைத்துவிடலாம்.

பாட்டைப் போட்டதும் பட்டியலில் ஏறவில்லையே என்று பதற வேண்டாம். 30 விநாடிக்கு மேல் நீளமுள்ள பாட்டில் பாதியோ அல்லது 4 நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அது ஓடிய பிறகே கணக்கில் சேரும். மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் 1 நிமிடம் 45 விநாடி. முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவியும் நான்கு நிமிடத்தில் சேர்ந்துவிடும், ஆனால் ஒரே பாட்டாக. கேசட்டின் ஒரு பக்கத்தை முழுசாக ஒரே எம்பி3 ஆக மாற்றி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். பாட்டு பாட்டாக வெட்டி வைத்தால்தான் ஒவ்வொன்றும் பதிவாகும். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போய்விட்ட பழைய கம்ப்யூட்டர் என்றால் எதுவுமே ஏறாது. நேரம் மிகப் பழையது என்று சர்வர் தள்ளிவிடும். அநேகமாக எல்லா போர்டிலும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரிதான். கடையில் எளிதாகக் கிடைக்கும்.

நேரமும் சேர்ந்து போகிறது என்றேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா திருநெல்வேலியில், நான் சென்னையில். காலை ஐந்தரைக்கு அவர் பட்டியலில் சீர்காழி கோவிந்தராஜன் வந்தால் அப்பா குளித்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு வாரம் தொடர்ந்து இரவு இரண்டு மணிக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது, "ராத்திரி தூக்கம் வரலியாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருக்கிறதும் அதுல வருதோ?" என்றார். பாட்டுப் பெயர் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். மணியும் தெரியும் என்பது அவர் மனதில் பதியவில்லை. மூட்டு வலி என்பது மறுநாள் அம்மா சொல்லித்தான் வெளியே வந்தது. டாக்டரிடம் போனார். ஆனால் அன்றிலிருந்து ராத்திரிப் பாட்டுக்கு விஎல்சியைத் தொடுவதில்லை. விண்டோஸின் மீடியா பிளேயரில் போடுகிறார். அதற்கு லாஸ்ட் எஃப்எம் பற்றித் தெரியாது. வயதில் பெரியவர் கம்ப்யூட்டரில் யாராவது இதைப் போட்டுக் கொடுப்பதாக இருந்தால், வெளியே தெரியும் பட்டியலை நேரத்தோடு ஒரு முறை திரையில் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

யார் பார்க்கலாம் என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். லாஸ்ட் எஃப்எம் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதியில், சமீபத்தில் கேட்டவற்றை மறைக்கும் வசதி இருக்கிறது. கணக்குக்கு உண்மையான பெயரோ, போட்டோவோ தேவையில்லை. வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை நான்கு பேர் பயன்படுத்தினால் விண்டோஸில் ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள். விஎல்சி செட்டிங்ஸ் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கும். இல்லாவிட்டால் தாத்தாவின் பட்டியலில் பேரனின் நர்சரி ரைம்ஸ்தான் முன்னால் நிற்கும்.

ஒரு வணிக நிறுவனத்திடம் நம் பட்டியலைக் கொடுப்பானேன் என்று நினைப்பவர்களுக்கு லிசன்பிரெயின்ஸ் என்ற தளம் உண்டு. லாப நோக்கமற்ற மெட்டாபிரெயின்ஸ் அமைப்பு நடத்துகிறது. லாஸ்ட் எஃப்எம்மில் சேர்ந்த பழைய பட்டியலை இங்கே கொண்டு வரலாம், மொத்தத்தையும் பைலாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே நீங்கள் கேட்பது எல்லாருக்கும் தெரியும்படியே இருக்கும், மறைக்க வழி இல்லை. ராத்திரி இரண்டு மணிப் பாட்டு உள்ளவர்கள் அதை யோசித்துவிட்டுச் சேரவும்.