பேட்டரி மேல் பழி போடும் முன்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. உடனே பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி, நேரே பேட்டரிக் கடைக்கு ஓட்டிவிடுவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. பேட்டரி கேட்டு வருகிறவருக்கு அவர் பேட்டரி கொடுக்கிறார். ஆனால் பழைய பேட்டரி நன்றாக இருந்து, அதற்குச் சார்ஜ் போகாததுதான் கோளாறு என்றால், புதியதும் சில நாளில் அதே மாதிரி படுத்துவிடும்.

சந்தேகப்பட வேண்டியவை நான்கு: பேட்டரி, ஆல்டர்னேட்டர், இரண்டையும் இணைக்கும் வயரும் டெர்மினலும், வண்டி நிற்கும்போது சத்தமில்லாமல் மின்சாரம் குடிக்கும் ஏதோ ஒன்று. இவற்றைப் பிரித்தறிய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். கீழே சொல்லியிருக்கும் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். சார்ஜ் இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சோதித்தால் எல்லாமே கெட்டுப்போனது போலத்தான் தெரியும்.

மீட்டரை எடுக்கும் முன் காது கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, டேஷ்போர்டு விளக்குகள் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டு மறுநாள் காலை மட்டும் மக்கர் செய்தால் பேட்டரியோ மின்கசிவோ காரணமாக இருக்கும். ஜம்பர் போட்டுக் கிளப்பியும் சிறிது தூரத்தில் விளக்கு மங்கி வண்டி நின்றுவிடுகிறதா? அங்கே ஆல்டர்னேட்டர்மேல் சந்தேகம் வலுக்கிறது.

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். இக்னிஷன் போட்டதும் அது எரிய வேண்டும், இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் எரியவே இல்லை என்றாலும் அது கோளாறுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை உசுப்பிவிடுகிறது. பல்பு போனால் சார்ஜும் போகும்.

டெர்மினலும் பெல்ட்டும்

போனட்டைத் திறந்து டெர்மினல் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் தப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். சோடா நீர் பேட்டரியின் மூடிக்குள் இறங்கிவிடக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை தவறி, பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அது விளையாட்டல்ல. பெல்ட் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கிளப்பியதும் கிரீச்சிடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நழுவும் பெல்ட்டால் நல்ல ஆல்டர்னேட்டரும் கெட்டதாகத் தெரியும்.

ஓய்வு வோல்ட்டேஜ்

வண்டி இரவு முழுக்க நின்றபின் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் ஈய முனைகளிலேயே அளவெடுங்கள். 12.6 அல்லது அதற்குமேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 10.5 அளவிலேயே நின்று, சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது. இப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டி என்றால் மேலோட்டச் சார்ஜ் ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று நேரம் கழித்து அளவெடுக்க வேண்டும்.

12.4க்குக் கீழே இருந்தால் தனி சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றுங்கள். பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. சின்ன பெட்ரோல் கார்களில் உள்ள 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியரில், காலியாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். கடைத்தெரு வரை ஒரு சுற்று ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்பது பொய். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரும் விட்டுப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்து காட்டினால் பேட்டரி முடிந்தது.

முழுச் சார்ஜில் ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குமேல் நின்றால் நலம். 9.6க்குக் கீழே சரிந்தால், டெர்மினலும் செல்ஃப் மோட்டாரும் சரியாக இருக்கும்பட்சத்தில், பேட்டரி கிழடாகிவிட்டது. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு ஆண்டு உழைத்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியை உள்ளிருந்து அரிப்பது வெப்பம்தான். சந்தேகம் தீரவில்லை என்றால் கடையில் லோடு டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள்.

ஓடும்போது எவ்வளவு?

இன்ஜினைக் கிளப்பி, பேட்டரி முனைகளிலேயே மறுபடி அளவெடுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் போகிறது. நண்பகல் வெயிலில் சூடேறிய இன்ஜினில் 13.6 காட்டினால் பதற வேண்டாம். வெப்பம் ஏறும்போது ரெகுலேட்டர் தானே கொஞ்சம் குறைக்கும். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி 1500 சுற்றில் பிடியுங்கள். அப்போதும் 13.2க்குக் கீழே போனால் சார்ஜ் போதவில்லை. 15ஐத் தாண்டி நின்றால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் பல்பு அடிக்கடி ஃப்யூஸ் ஆகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அழுகிய முட்டை நாற்றம் வரும்.

புதிய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. நெகட்டிவ் டெர்மினலில் சிறு சென்சார் இருந்தால், கம்ப்யூட்டர்தான் ஆல்டர்னேட்டரை இயக்குகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டேஜை 12.8 வரைகூட இறக்கும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். ஒரே ஒரு அளவைப் பார்த்து அந்த ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொன்னால் பணம் வீண். எல்லா விளக்கையும் போட்டு, சில நிமிடம் தொடர்ந்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தையை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். டைனமோ காலத்து வண்டியில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய வண்டியில், பேட்டரி விலகிய கணத்தில் பாயும் மின்னழுத்தம் டயோடையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

வயரில் தொலையும் வோல்ட்டேஜ்

அவசரத்தில் விட்டுப்போகும் சோதனை இது. என்னைக் கேட்டால், ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் கட்டாயம் செய்ய வேண்டியதும் இதுதான். இன்ஜின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த வயர் போல்ட்டிலும், கருப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். கையும் வயரும் பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட் வரை காட்டினால் சரி. 1 வோல்ட் என்று காட்டினால், ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வதில் அத்தனையும் வழியிலேயே வெப்பமாகக் கரைகிறது. அங்கே 14.2, பேட்டரியில் 13.2. ஆல்டர்னேட்டரில் குற்றமில்லை.

அடுத்து எர்த். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று ஆல்டர்னேட்டரின் உலோக உடம்பில். இங்கும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தால் விளக்கு மினுக்கும், செல்ஃப் சோம்பும், சார்ஜ் குறையும். கடற்கரையோர ஊர்களில் இது சகஜம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே பாதிக் கேஸ் முடிந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் சார்ஜ் குறைந்தால்தான் ஆல்டர்னேட்டர் குற்றவாளி. அப்போதும் முழுதாக மாற்ற வேண்டும் என்பதில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டரோ டயோடோ போயிருக்கலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்து அதை மட்டும் மாற்றித் தருவார். டயோடு சந்தேகமா? நல்ல மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஓடும் வண்டியின் பேட்டரியில் பாருங்கள். 0.5க்கு மேல் காட்டினால் டயோடு கெட்டிருக்கிறது. மிக மலிவான மீட்டர்கள் இங்கே 28, 30 என்று உளறும். அதை நம்பிப் பயப்படாதீர்கள்.

நிற்கும்போது குடிப்பது

பேட்டரியும் சார்ஜும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் செத்துவிடுகிறது என்றால் கசிவைத் தேட வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, சாவியைத் தூர வையுங்கள். நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகி, சிவப்பு முனையைக் கிளாம்ப்பிலும் கருப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் பிடியுங்கள். இந்நிலையில் இக்னிஷன் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டர் போய்விடும். முதலில் அதிகம் காட்டும். கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரம் கொடுங்கள்.

50 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கினால் இயல்பு. அதுவே நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. ஒரு மாதம் நிறுத்திவிட்டு வெளியூர் போனால் 35 ஆம்பியர் மணி பேட்டரி காலி. 300 மில்லிஆம்பியர் காட்டினால் வெள்ளி இரவு நிறுத்திய வண்டி திங்கள் காலைக்குள் பாதிச் சார்ஜை இழந்திருக்கும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் திருடன் இருக்கிறான். வெளியில் மாட்டிய ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி விளக்கு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

எந்த ஃப்யூஸைப் பிடுங்கியும் எண் இறங்கவில்லையா? பேட்டரியை முழுக்க விலக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். இப்போது இறங்கினால், கெட்ட டயோடு வழியாக ஆல்டர்னேட்டரே இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது. அந்த வயர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பெட்டிக்குப் போகாது. அதனால்தான் ஃப்யூஸ் பிடுங்கும் சோதனையில் அது மாட்டுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு பேட்டரிதான் போயிருக்கிறது என்று உறுதியானால், அதே ஆம்பியர் மணியில், டெர்மினல் அதே பக்கம் இருக்கும்படி வாங்குங்கள். தயாரிப்புத் தேதியைப் பார்த்து, கடையிலேயே மீட்டர் வையுங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் வேறொன்று கேளுங்கள். மாற்றியது ஆல்டர்னேட்டர் என்றால், இறங்கிக் கிடக்கும் பேட்டரியைச் சார்ஜரில் நிரப்பியபின் வண்டியை எடுங்கள். காலிப் பேட்டரியை நிரப்பும் வேலையை முதல் நாளே கொடுத்தால், புது ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடிச் சூடேறும்.