அலைவாய்க் கரையில் சிறுவர் பாடம்

காரிமங்கலத்துப் பிள்ளைகளுக்கு மலை தெரியும், ஏரி தெரியும், கடல் மட்டும் படத்தில்தான் தெரியும். நெய்தல் திணையைப் பாடமாகப் படிக்கும் நம்மில் பலருக்கும் நிலைமை அதுவே. சென்ற தை மாதம் என் தமக்கையின் பிள்ளைகள் இருவரைச் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஆறு. கடற்கரை உயிர்களைச் சிறுவர்க்கு எவ்வாறு காட்டலாம் என்பதை அவ்வனுபவம் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேரம் அறிதல்

கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே, இன்று வற்றிய நேரத்திற்கு நாளை வற்றாது. சுமார் 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகவும் உள்வாங்கும். அந்நாள்களில், வெயில் ஏறுமுன் நீர் வற்றும் வேளை வாய்க்குமானால் அதுவே சிறந்தது. அலை இழுக்கும் கரையாதலால் கணுக்கால் நீருக்குமேல் பிள்ளைகளை விடலாகாது.

மணலில் எழுதிய பாடம்

ஈரமணலில் கடுகு உருண்டைபோல் மணல் மணிகள் வட்டமாகப் பரவிக் கிடந்தன. "இங்கே யார் கோலப்புள்ளி வைத்தது?" என்று கேட்டாள் மூத்தவள். சிறு நண்டு ஒன்று மணலை வாயிலிட்டு, அதில் ஒட்டிய நுண்ணுணவை உண்டு, எஞ்சிய மணலை உருட்டி வைத்த வேலை அது. அடுத்த ஏற்றத்தில் அலை அதனை அழித்துவிடும்; நண்டு மீண்டும் தொடங்கும்.

இளையவன் வட்டமான துளையுள்ள சிப்பிகளைப் பொறுக்கினான். மாலை கோப்பதற்குக் கடலே துளை போட்டிருக்கிறது என்பது அவன் முடிவு. மணலுக்குள் ஊர்ந்து செல்லும் ஒருவகை நத்தை, ஓட்டை இளக்கும் நீரைச் சுரந்து, அரம்போன்ற நாவால் அராவித் துளையிட்டு உள்ளிருக்கும் சதையை உண்ணும். அத்துளை ஒரு வேட்டையின் அடையாளம் என்று அறிந்ததும் அவன் ஒவ்வொரு சிப்பியையும் புரட்டிப் பார்க்கலானான். விடையை முந்திச் சொல்லாமல், அவர்கள் ஊகித்தபின் சொல்வதே பயன் தருகிறது என்பதை அங்கே கண்டேன்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல்நுரை நுரையன்று. கணவாயின் உள்ளோடு என்பதையும் அங்கே காட்டினேன். மணல்மேட்டில் படர்ந்து மணலைப் பிடித்து வைக்கும் அடப்பங்கொடியே சங்கப் புலவர் கூறும் அடும்பு. அவர்கள் கூறும் அலவன் நண்டு.

ஆமை வரும் கரை

தை முதல் பங்குனி வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி, மணலில் குழி தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகின்றன. குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். மணலின் சூடு மிகுந்தால் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகப் பிறக்கும். கடலின் மங்கிய வெளிச்சத்தை நோக்கிச் செல்ல வேண்டிய குஞ்சுகள் தெருவிளக்கைக் கண்டு ஊர்ப்பக்கம் திரும்பி மடிகின்றன. 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். நம்மைப்போன்ற மாணவர் தொடங்கிய பணி இது என்பது எண்ணத்தக்கது.

எடுத்துச் செல்லலாமா?

புறப்படும்போது இளையவன் ஒரு நண்டைப் புட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென அழுதான். "கூடாது" என்று பிடுங்கியிருக்கலாம். "நம் வீட்டில் அதற்கு உப்புநீர் ஏது? செவுள் காய்ந்தால் எப்படி மூச்சுவிடும்?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் நின்றான். பிறகு தானே புட்டியைச் சாய்த்தான். நண்டு பக்கவாட்டில் ஓடி வளையில் மறைந்தது. அவன் முகத்தில் வருத்தமும் இருந்தது, பெருமையும் இருந்தது. அன்றைய பாடங்களில் இதுவே தலையாயது எனக் கருதுகிறேன்.

உயிருள்ளதைப் பார்த்த இடத்திலேயே விட வேண்டும். புரட்டிய கல்லைப் பழையபடி வைக்க வேண்டும். செத்துக் கிடந்தாலும் ஜெல்லி மீனைத் தொடலாகாது, அதன் கொட்டும் அணுக்கள் அப்போதும் வேலை செய்யும். இம்மூன்றே சிறுவர்க்குரிய விதிகள்.

நம்மில் பலர் நாளை ஆசிரியர் ஆவோம். கடலுக்குப் போக எல்லார்க்கும் வசதி இராது. ஆயினும் குனிந்து பார்த்தல், ஊகித்தல், திருப்பி விடுதல் என்னும் இம்முறைக்கு நம் ஊர் ஏரிக்கரையும் போதும். அங்கும் நண்டு உண்டு, நத்தை உண்டு. அழைத்துச் செல்வார் வேண்டும்.