கோச் வந்துவிட்டார், கம்பெனி மாறுமா?

சென்னை ஓ.எம்.ஆரிலோ பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். தலைமையகத்திலிருந்து ஒரு மெயில் வரும்: இனி நாம் அஜைல். அடுத்த மாதம் கோச் என்று ஒருவர் வருவார். சுவரெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள் முளைக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒட்டுத்தாள் உதிர்ந்திருக்கும், ரிலீஸ் மட்டும் பழையபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் போய்க்கொண்டிருக்கும். "கோச் சரியில்லை" என்பார்கள் சிலர். "நம்ம ஆளுங்க மாறவே மாட்டாங்க" என்பார்கள் மற்றவர்கள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 பேர் எழுதியதுதான் அஜைல் அறிக்கை. அது மென்பொருளை எப்படி உருவாக்குவது என்பதைப் பற்றியது. நிதித்துறை, மனிதவளத்துறை, ஒப்பந்தங்கள் போடும் கொள்முதல் பிரிவு ஆகியவற்றை எப்படி நடத்துவது என்று அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் வங்கியையோ அரசுத் துறையையோ மாற்ற முனைகிறவர் நாள் முழுக்க மல்லுக்கட்டுவது இவற்றோடுதான். இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஸ்க்ரம் சர்டிபிகேட் வாங்கினால் கோச் ஆகிவிடலாம்.

உண்மை: ஸ்க்ரம் என்பது அஜைல் வழியில் குழுக்கள் வேலை செய்யும் ஒரு முறை. அதற்கான ஸ்க்ரம் மாஸ்டர் வகுப்பு பெரும்பாலும் இரண்டு நாள். 2020-ல் வெளியான ஸ்க்ரம் கையேடு பதினைந்து பக்கத்துக்குள் அடங்கும், ஒரு சாயங்காலத்தில் படித்து முடிக்கலாம். விதிகள் தெரிவது தவறில்லை, தெரியத்தான் வேண்டும். அஜைல் பயிற்சியாளர்களான லிசா ஆட்கின்ஸும் மைக்கேல் ஸ்பேடும் அஜைல் கோச்சுக்கான திறன்களை வரைபடமாகப் போட்டபோது நான்கு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள்: கற்றுக்கொடுப்பது, அனுபவத்தைப் பகிர்ந்து வழிகாட்டுவது, கூட்டத்தைச் சார்பில்லாமல் நடத்திக்கொடுப்பது, கேள்வி கேட்டு எதிரில் இருப்பவரையே விடை காண வைப்பது. இவற்றோடு தொழில்நுட்பம், வியாபாரம், நிறுவன மாற்றம் என்று மூன்று துறைகளின் ஆழமும் அந்தப் படத்தில் உண்டு.

நான்கும் தெரிந்தால் போதாது, எந்த நேரத்தில் எது என்று தெரிய வேண்டும். ஒரு வைஸ் பிரசிடென்ட் கோபமாகக் கேட்கிறார்: "இந்த டீம் மட்டும் ஏன் எப்பவும் லேட்?" வகுப்பெடுக்க மட்டும் தெரிந்தவர் உடனே ஸ்லைடைத் திறப்பார். அனுபவக்காரர் தன் முந்தைய கம்பெனிக் கதையை ஆரம்பிப்பார். தேர்ந்தவர் ஒரே கேள்வி கேட்பார்: "அவங்க செஞ்சதை நீங்க கடைசியா ஓட்டிப் பார்த்தது எப்போ சார்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். வீடியோ கூட்டத்தில் பத்து நொடி மௌனம் ஒரு யுகம். அதைத் தாங்க முடியாமல் தானே பதிலையும் சொல்லிக் கெடுக்கிற கோச்சுகள்தான் அதிகம்.

நம்பிக்கை: ஸ்பாட்டிஃபை மாதிரியை அப்படியே இறக்கினால் வேலை முடிந்தது.

உண்மை: ஸ்பாட்டிஃபையின் வேலைமுறை பற்றி ஹென்ரிக் க்னிபெர்கும் ஆண்டர்ஸ் இவார்சனும் 2012-ல் எழுதிய சிறு கட்டுரைதான் இந்த மோகத்தின் மூலம். ஸ்குவாட், டிரைப், சாப்டர், கில்ட் என்ற குழுப் பெயர்கள் அதன் வழியாகத்தான் உலகம் சுற்றின. இது இன்றைக்கு நாங்கள் வேலை செய்யும் விதம், மாறிக்கொண்டே இருக்கிறது என்று அவர்களே அதில் சொல்லியிருந்தார்கள். வாங்கியவர்கள் அந்த வரியை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நேற்றுவரை புராஜெக்ட் மேனேஜராக இருந்தவர் இன்று டிரைப் லீட். அதே அறை, அதே எக்செல்.

நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கியும் 2015-ல் இதே பெயர்களைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் கூடவே என்ன செய்தது என்பதைப் பலரும் பேசுவதில்லை. தலைமையக ஊழியர்கள் சுமார் 3,500 பேரும் புதிய பதவிகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் வேறு வேலைக்கு மாறினார்கள். மார்க்கெட்டிங் ஆளும் ஐ.டி. ஆளும் ஒரே சிறு குழுவில் உட்கார்ந்தார்கள். இந்த வைத்தியம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மறுவிண்ணப்பம் என்பது ஊழியர் பக்கமிருந்து பார்த்தால் கொடுமையான அனுபவம். ஆனால் அங்கே நாற்காலிகள் உண்மையிலேயே இடம் மாறின.

நாற்காலி ஏன் முக்கியம் என்பதற்குக் கணினி நிபுணர் மெல்வின் கான்வே 1968-லேயே காரணம் சொல்லிவிட்டார்: ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் சாயலில்தான் அமையும். மூன்று துறைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தால், மென்பொருளும் மூன்று துண்டாகத்தான் வரும். கோச்சுக்கு நிறுவனத்தின் பதவிப் படத்தைப் படித்து, ரிலீஸ் எங்கே சிக்குகிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

நம்பிக்கை: ஆட்களைப் பேச வைக்கத் தெரிந்தால் போதும், தொழில்நுட்பம் கோச்சுக்கு எதற்கு?

உண்மை: அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கதையைக் கேளுங்கள். வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர அது எடுத்த முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலரை விழுங்கிவிட்டு 2005-ல் கைவிடப்பட்டது. அடுத்த முயற்சியின் பெயர் 'சென்டினல்'. 2006-ல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மொத்த பட்ஜெட் 45.1 கோடி டாலர். 2010-ல் தணிக்கை பார்த்தபோது 40.5 கோடி செலவாகியிருந்தது, நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன. எஃப்பிஐ வேலையைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டு, ஆட்களை வெகுவாகக் குறைத்து, ஸ்ப்ரின்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுகளில் கட்ட ஆரம்பித்தது. 2012 ஜூலையில் சென்டினல் புழக்கத்துக்கு வந்தது.

அஜைல் விற்பவர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். நடுவில் ஒன்று நடந்தது. முதலில் குறித்த கெடு 2011 செப்டம்பர். அடுத்த மாதம் நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே நேரத்தில் உள்ளே விட்டுச் சோதித்தபோது அமைப்பு படுத்துவிட்டது. இருந்த வன்பொருள் அந்தச் சுமைக்குப் போதவில்லை. புதிய சர்வர்கள் வந்த பிறகே காரியம் நடந்தது. அப்படிப் படுத்தவை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெமோ காட்டி, தலையாட்டி, 'முடிந்தது' என்று நகர்த்திய வேலைகள்தான். 'முடிந்தது' என்றால் எத்தனை பேர் சேர்ந்து பயன்படுத்தும்போது முடிந்தது? இதைக் கேட்க கோச் கோட் எழுத வேண்டாம். ஆனால் தானியங்கிச் சோதனை, சுமைச் சோதனை, ரிலீஸ் எப்படிப் போகிறது என்ற மூன்றும் புரியாதவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

இன்னொன்று, பொறுப்பை ஒப்பந்தக்காரரிடமிருந்து திரும்ப எடுக்கும் முடிவு மேலிடத்தில் எடுக்கப்பட்டது. எந்தக் குழுவும் தன் ரெட்ரோவில், அதாவது வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில், உட்கார்ந்து அப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது.

நம்பிக்கை: நிறுவன மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்றுவிடும், அதனால் கோச் அவசியம்.

உண்மை: மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993-ல் எழுதிய நூலில் 50 முதல் 70 சதவீதம் என்று ஒரு மதிப்பீடு வந்தது. அது அறிவியல்பூர்வமானதல்ல என்று அவர்களே அங்கே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2011-ல் ஆய்வாளர் மார்க் ஹியூஸ் இந்த எண்ணைத் தேடிப் போய், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார். முதல் ஸ்லைடிலேயே இந்த எண்ணைப் போடும் கோச், உங்கள் கம்பெனியின் எண்களையும் அதே லட்சணத்தில்தான் கையாளுவார்.

நம்பிக்கை: தடை ஆட்களின் மனப்பான்மைதான். அதை உடைப்பதே கோச்சின் வேலை.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் விடாப்பிடியான நம்பிக்கை, எனக்கு எரிச்சலும் இதன் மேல்தான். ஒரு காலை ஸ்டாண்டப் கூட்டம். திரையில் ஜிரா வேலைப்பட்டியல். எட்டுப் பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை, மேனேஜருக்கு ஒப்பிக்கிறார்கள். "பிளாக்கர் ஏதாவது இருக்காப்பா?" "இல்ல சார்." கூட்டம் முடிந்ததும், "இல்ல சார்" சொன்ன பையன் பக்கத்து சீட்டுக்காரரிடம் போய், டெஸ்ட் சர்வர் இரண்டு நாளாகப் படுத்துக்கிடக்கிறது என்கிறான். அவனுக்கு மனப்பான்மை வகுப்பு எடுத்து என்ன பயன்? அப்ரைசல் மார்ச்சில். எட்டுப் பேரில் ஒருவர் பெல் கர்வ் தரவரிசையின் அடியில் விழுந்தாக வேண்டும். வாயைத் திறந்தவன் விழுவான் என்று அவன் போட்ட கணக்கு சரியான கணக்கு.

ஏமி எட்மன்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே கோச் வந்த பிறகு புகார்கள் கூடினால் டாஷ்போர்டைப் பார்த்துப் பதறக் கூடாது என்று தலைமைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் தைரியம் வேண்டும்.

அப்ரைசலை மாற்ற முடியாது என்பதும் உண்மையல்ல. ஊழியர்களை வரிசைப்படுத்திக் கழிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைவிட்டது. ஸ்வீடனின் ஹேண்டல்ஸ்பேங்கன் வங்கி 1970-களிலேயே வருடாந்திர பட்ஜெட்டை மூட்டை கட்டியது. கோச் மனிதவளத் தலைவரிடமும் நிதித் தலைவரிடமும் அவர்கள் பாஷையில் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். போனஸ், செலவுக் கணக்கு, தணிக்கை ஆகியவை அந்த பாஷையின் சொற்கள். தனக்குச் சம்பளம் கொடுப்பவரிடமே "சார், இந்த விதி உங்க கையெழுத்துலதான் இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லும் நெஞ்சுரமும் இதில் சேரும்.

நம்பிக்கை: பெரிய கம்பெனிக்குக் கோச் நிரந்தரமாக வேண்டும்.

உண்மை: 2023 ஜனவரியில் கேபிடல் ஒன் வங்கி அஜைல் பணிப்பிரிவையே எடுத்துவிட்டது. 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் அடிபட்டன. ஆரம்பகால மாற்றத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், இனி அந்த வேலையைப் பொறியாளர்களே தங்கள் அன்றாடத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது வங்கி சொன்ன காரணம். அதில் எத்தனை பங்கு செலவுக் குறைப்பு என்பது அவரவர் ஊகம். வேலை இழந்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்காது. ஆனாலும் உள்ளூர் ஆட்களைத் தயார் செய்து, எந்த மாதம் விலகுவது என்று வந்த அன்றே பேசிவைப்பது கோச்சின் திறமைகளில் ஒன்று. மாதக் கணக்கில் பில் போடும் ஆலோசனைக் கம்பெனி இதை நினைவூட்டாது. நேர்காணல் செய்பவர்கள்தான் கேட்க வேண்டும்: போன இடத்தில் நீங்கள் கிளம்பிய பிறகு எது நிலைத்தது, எது பழையபடி ஆயிற்று, அதை யாரிடம் விசாரித்தீர்கள்?